காணாக் கடலை அறிதல்: காசினி விண்கல உற்றுநோக்கல்கள்வழி என்சலடஸ் துணைக்கோள்

ஆய்வுச் சுருக்கம்

சனிக் கோளின் துணைக்கோள்களுள் ஒன்றாகிய என்சலடஸின் பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் ஒன்று உள்ளது என்பது இன்று கோளியலார் ஏற்றுக்கொண்ட முடிபாகும். அக்கடலை எந்தக் கருவியும் நேரில் கண்டதில்லை. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம் திரட்டிய காந்தப்புலம், வெப்பம், துகள், ஈர்ப்பு, சுழற்சி ஆகிய தனித்தனித் தரவுகள் ஒன்றையொன்று திருத்தியும் வலுப்படுத்தியும் அம்முடிபை நோக்கி இட்டுச்சென்றன. அச்சான்றுகள் எந்த வரிசையில் அமைந்தன, ஒவ்வொன்றும் எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வாழத்தகு சூழல் என்பதற்கும் உயிர் இருப்பு என்பதற்கும் இடையிலான வேறுபாட்டையும் வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: என்சலடஸ், காசினி விண்கலம், சனி, துணைக்கோள், காந்தமானி, நிறமாலைமானி, தள்ளாட்டம், வாழத்தகு சூழல்.

1. முன்னுரை

வானியல், தொலைவிலிருந்து அறியும் துறை. ஆய்வுப் பொருளைக் கையிலெடுத்து வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு அத்துறைக்கு அரிதாகவே கிட்டுகிறது. விண்கலங்கள் அந்தத் தொலைவைப் பெருமளவு குறைத்தன. ஆயினும் ஒரு கோளின் அருகே சென்ற விண்கலமும் அதன் மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. உள்ளே இருப்பதை அறியப் புறத்தே தெரியும் விளைவுகளிலிருந்து காரணத்தை ஊகிக்க வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் என நம் அளவையியல் மரபு காட்டும் அனுமானத்தின் இயல்பும் இதுவே. புகை உண்மையில் புகைதானா, பனிமூட்டமா என்று தேர்ந்த பின்னரே அந்த அனுமானம் செல்லும்.

என்சலடஸ் குறித்த ஆய்வு, இத்தகைய தேர்வு படிப்படியாக நிகழ்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு கருவி 'வளிமண்டலம் உண்டு' எனக் காட்டியபோது மற்றொரு கருவி 'இல்லை' எனக் காட்டிய நிலையில் இவ்வாய்வு தொடங்கியது.

2. பின்புலம்

என்சலடஸை 1789-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். அதன் விட்டம் ஏறத்தாழ 504 கி.மீ. மட்டுமே. சனியின் மையத்திலிருந்து சுமார் 2,38,000 கி.மீ. தொலைவில் அமைந்து, ஏறத்தாழ 33 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. தன்மேல் விழும் சூரிய ஒளியின் பெரும்பகுதியை எதிரொளிப்பதால் சூரியக் குடும்பத்தின் மிக வெண்மையான பொருள்களுள் ஒன்றாகத் திகழ்கிறது.

இவ்வளவு சிறிய பொருள் நெடுங்காலத்திற்கு முன்பே உறைந்து இறுகியிருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 1981-இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்கள் அதற்கு மாறாக இருந்தன. என்சலடஸின் சில பகுதிகளில் விண்கல் மோதிய குழிகள் நிறைந்திருக்க, வேறு சில பகுதிகள் குழிகளின்றி வழவழப்பாகக் காணப்பட்டன. குழிகள் இல்லையெனில் அந்நிலப்பரப்பு அண்மையில் புதுப்பிக்கப்பட்டது என்பது பொருள். மேலும், சனியின் மங்கலான ஈ-வளையம் என்சலடஸின் சுற்றுப்பாதையை ஒட்டியே மிகச் செறிவாக இருந்தது. அவ்வளையத்தின் நுண்துகள்கள் நிலைத்திருப்பவை அல்ல. அவற்றை ஏதோ ஒன்று தொடர்ந்து ஈடுசெய்தாக வேண்டும். ஊற்றுவாய் என்சலடஸாக இருக்கலாம் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அதனைச் சோதிக்க இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை ஆகியவற்றின் கூட்டு முயற்சியான காசினி, 1997 அக்டோபர் 15 அன்று ஏவப்பட்டு, 2004-ஆம் ஆண்டின் நடுவில் சனியின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்டத்தில் முதலிடம் பெற்றவை சனியும் அதன் வளையங்களும் டைட்டன் என்னும் பெரிய துணைக்கோளுமே. என்சலடஸுக்கென ஒதுக்கப்பட்டவை சில அணுக்கப் பறப்புகள் மட்டுமே. கருவிகளும் என்சலடஸை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல. பின்னர்க் கிடைத்த முடிவுகளை மதிப்பிடுகையில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

3. முரண்பட்ட இரு சான்றுகள்

2005 பிப்ரவரி 17 அன்று காசினி என்சலடஸை 1,264 கி.மீ. தொலைவில் கடந்தது. அப்போது இரு கருவிகள் ஒரே வினாவிற்கு இருவேறு விடைகளைத் தந்தன.

முதலாவது காந்தமானி. சனியின் காந்தப்புலமும் அதில் சிக்கியுள்ள மின்னூட்டத் துகள்களும் சனியோடு சேர்ந்து விரைந்து சுழல்கின்றன. அவை மெதுவாகச் செல்லும் என்சலடஸை முந்திக்கொண்டு பாய்கின்றன. என்சலடஸ் வெறும் பனிப் பந்தாக இருப்பின் அவ்வோட்டம் அதன்மேல் மோதி உட்கவரப்படும். காந்தப்புலக் கோடுகளில் பெரிய மாற்றம் தோன்றாது. ஆனால் அக்கோடுகள், ஆற்றின் ஓட்டம் பாறையைச் சுற்றி வளைவது போல, என்சலடஸின் முன்னே வளைந்து விலகியிருந்தன. வளிம மூலக்கூறுகள் அவ்வோட்டத்தில் கலந்து மின்னூட்டம் பெற்று அதன் வேகத்தைத் தடுத்தால் மட்டுமே இத்தகைய வளைவு நேரும். எனவே என்சலடஸைச் சுற்றி வளிமம் உள்ளது என்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிஷேல் டோகர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழு கருதியது.

இரண்டாவது புறஊதா நிறமாலைமானி. தமிழ் மரபில் மூலம் எனப்படும் விண்மீன் தொகுதியின் ஒளிமிக்க மீன், அதே பறப்பின்போது என்சலடஸின் பின்னால் மறைந்தது. வளிமண்டலம் இருந்திருந்தால் விண்மீனின் ஒளி மறையுமுன் சிறிது சிறிதாக மங்கியிருக்க வேண்டும். அவ்வாறு மங்கவில்லை, ஒளி சட்டென மறைந்தது. ஆகவே அங்கு வளிமண்டலம் இல்லை என்றே இத்தரவு காட்டியது.

மார்ச் 9 அன்று சுமார் 500 கி.மீ. தொலைவில் நிகழ்ந்த இரண்டாவது பறப்பிலும் காந்தப்புல வளைவு மீண்டும் பதிவானது. எனவே அது கருவிப் பிழையன்று. என்சலடஸின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகம் நொடிக்குச் சுமார் 240 மீட்டர் மட்டுமே. நீராவி மூலக்கூறுகள் இயல்பாகவே இதனினும் விரைந்து இயங்க வல்லவை. ஆதலின் அத்துணைக்கோளால் வளிமண்டலத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்க இயலாது. வளிமம் இருக்கிறதெனில் அது இடையறாது ஊறிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்நிலையில் ஒரு முடிவெடுக்கும் தேவை எழுந்தது. ஜூலை மாதப் பறப்பு 1,000 கி.மீ. உயரத்தில் நிகழுமாறு திட்டமிடப்பட்டிருந்தது. காந்தமானிக் குழுவின் வேண்டுகோளை ஏற்று அவ்வுயரம் ஏறத்தாழ 173 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. காந்தப்புலத்தின் சிறு வளைவு ஒன்றினை நம்பி ஒரு விண்கலத்தின் பாதையை மாற்றிய முடிவு அது.

4. முரண் தீர்ந்த பறப்பு

2005 ஜூலை 14 அன்று நிகழ்ந்த இப்பறப்பில் நான்கு கருவிகளின் சான்றுகள் ஒரே இடத்தைச் சுட்டின.

அகச்சிவப்பு நிறமாலைமானி தென்துருவத்தின் வெப்பத்தை அளந்தது. சூரிய ஒளி சாய்வாக விழும் துருவப் பகுதி 70 கெல்வின் அளவிற்கோ அதற்கும் கீழாகவோ குளிர்ந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. அளவீடோ சராசரியாக 85 கெல்வின் எனக் காட்டியது. இணையாக ஓடும் நான்கு பெரும் பிளவுகளை ஒட்டி வெப்பம் மேலும் மிகுந்திருந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கி.மீ. நீளமுள்ள இப்பிளவுகள் புலிவரிகள் என வழங்கப்படுகின்றன. ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் வரும் ஊர்களையொட்டி அவற்றிற்கு அலெக்சாந்திரியா, கெய்ரோ, பாக்தாத், டமாஸ்கஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

பொருண்மை நிறமாலைமானி விண்கலத்தைச் சுற்றியிருந்த வளிமத்தில் நீராவியே மிகுதி எனக் கண்டது. அதன் செறிவு, விண்கலம் என்சலடஸை மிக நெருங்கிய கணத்திற்குச் சுமார் 35 நொடி முன்னரே உச்சத்தை அடைந்தது. தூசுப் பகுப்பாய்வுக் கருவி பதிவுசெய்த பனித்துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னதாகவே உச்சம் தொட்டது. இந்தக் கால வேறுபாட்டில்தான் விளக்கம் அடங்கியுள்ளது. நுண்விண்கற்கள் மோதியதால் மேற்பரப்பு முழுவதிலுமிருந்து துகள்கள் எழும்பியிருந்தால், அவற்றின் உச்சம் மிக நெருங்கிய கணத்தோடு பொருந்தியிருக்கும். விண்கலம் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தபோதே உச்சம் நிகழ்ந்ததால் ஊற்றுவாய் தென்துருவத்தில் இருப்பது உறுதியாயிற்று.

அதே நாளில் ஓரியன் குழுவைச் சேர்ந்த பெல்லாட்ரிக்ஸ் என்னும் விண்மீனும் என்சலடஸால் மறைக்கப்பட்டது. தென்பகுதியை ஒட்டி மறைந்தபோது அதன் ஒளி படிப்படியாக மங்கியது. வேறொரு பகுதியில் மீண்டும் தோன்றியபோது அத்தகைய மங்கல் இல்லை. பிப்ரவரி மாத முரண் இதனால் தீர்ந்தது. அன்றைய மறைப்பு தென்துருவத்தில் நிகழவில்லை. ஆதலின் அங்கு நீராவி தென்படவில்லை. என்சலடஸைப் போர்த்திய வளிமண்டலம் என ஒன்றில்லை. தென்துருவத்தினின்று பீறிடும் நீராவித் தாரையே உள்ளது. இரு கருவிகளும் பிழையின்றியே அளந்திருந்தன. வளிமம் எங்கும் ஒரேபடியாகப் பரவியிருக்கும் என்ற முற்கோள் மட்டுமே பிழையானது.

இதற்குப் பின்னரே ஐயத்திற்கிடமற்ற படம் கிடைத்தது. 2005 நவம்பர் 27 அன்று, சூரியன் என்சலடஸுக்குப் பின்னிருக்கும் கோணத்தில் எடுக்கப்பட்ட படங்களில் தென்துருவத்திலிருந்து எழும் தாரைகள் தெளிவாகத் தெரிந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்களிலேயே அதன் சாயல் இருந்தது. எனினும் அது ஒளிப்படக் கருவிக்குள் சிதறிய ஒளியாகவும் இருக்கலாம் என்பதால் படக்குழு அதனை முடிபாக அறிவிக்கவில்லை.

5. துகள்களின் உப்பு

தாரை உண்டு என்பதால் மட்டும் கடல் உண்டு என்று ஆகிவிடாது. பனிக்கட்டி நீராகாமல் நேரடியாக ஆவியாதலும் உண்டு. வளிமங்களைச் சிறைப்படுத்திய பனி, பிளவு திறக்கும்போது சிதைந்து தாரையாவதும் கூடும். இம்மாற்று விளக்கங்களை விலக்கும் சான்று உப்பிலிருந்து கிடைத்தது.

2009-இல் ஃபிராங்க் போஸ்ட்பெர்க் குழுவினர், ஈ-வளையத்துப் பனித்துகள்களுள் சிலவற்றில் சோடிய உப்புகள் இருப்பதை வெளியிட்டனர். அதே 'நேச்சர்' இதழில், பூமியிலிருந்து பெருந்தொலைநோக்கிகள்வழித் தேடியும் தாரையின் ஆவியில் சோடியம் தென்படவில்லை என்று வேறொரு குழு எழுதியது. இவ்விரண்டும் முரணல்ல. உப்புநீர் மெதுவாக ஆவியாகும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு பின்தங்குகிறது. உப்பளத்தில் நிகழ்வதும் இதுவே. ஆகவே ஆவியில் உப்பின்மையும் துகளில் உப்புடைமையும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கக்கூடும். ஆவி உறைந்து உண்டான துகளில் உப்பு இராது. உப்புள்ள துகள், உப்புநீர்த் துளியாகத் தெறித்து உறைந்ததாகவே இருத்தல் வேண்டும். தாரையின் அடிப்பகுதியை நெருங்குந்தோறும் உப்பு மிக்க துகள்களின் விகிதம் உயர்வதை அக்குழுவினர் 2011-இல் காட்டினர். இதனால் பனிக்கடியில் திரவ நீர் உண்டு என்பது வலுப்பெற்றது. அது சிறு தேக்கமா, பெருங்கடலா என்ற வினா எஞ்சியது.

6. ஈர்ப்பும் தள்ளாட்டமும்

நீரின் பரப்பை அறிய இருவேறு வழிகள் பயன்பட்டன. முதலாவது ஈர்ப்பளவு. விண்கலம் துணைக்கோளைக் கடக்கையில் அதன் ஈர்ப்பால் விண்கலத்தின் வேகம் நுட்பமாக மாறுகிறது. அம்மாற்றம் விண்கலத்தின் வானொலி அலைவெண்ணில் டாப்ளர் விளைவாக வெளிப்படுகிறது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேக மாற்றத்தையும் புவியிலுள்ள அலைவாங்கிகள் உணர்ந்தன. 2010, 2012 ஆகிய ஆண்டுகளின் மூன்று பறப்புகளை ஆய்ந்த லூச்சானோ யெஸ் குழுவினர் தம் முடிவுகளை 2014-இல் வெளியிட்டனர். தென்துருவத்தில் ஏறத்தாழ ஒரு கி.மீ. ஆழமுள்ள பள்ளம் உள்ளது. பள்ளத்தில் பொருண்மை குறைவாதலால் ஈர்ப்பும் குறிப்பிட்ட அளவு குறைய வேண்டும். குறைவு எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது. அப்பள்ளத்தை ஈடுசெய்யும் அடர்ந்த பொருள் ஒன்று அடியில் இருக்க வேண்டும். நீர், பனிக்கட்டியைவிட அடர்த்தியானது. 30 முதல் 40 கி.மீ. வரையான பனிக்கு அடியில் சுமார் 10 கி.மீ. ஆழமுள்ள நீர்நிலை தென்பகுதியிலேனும் இருப்பதாக இதனால் கணக்கிடப்பட்டது.

இரண்டாவது வழி தள்ளாட்டம். நிலவு பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல என்சலடஸும் சனிக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது. அதன் பாதை முழுவட்டமாக இல்லாததால் அம்முகம் சற்றே முன்னும் பின்னும் அசைகிறது. பனி ஓடு பாறைக் கருவோடு ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து அசைய வேண்டும். அசைவு மிகச் சிறிதாகும். இடையில் நீர் சூழ்ந்திருந்தால் ஓடு மட்டும் தனித்து அசையும்; அசைவு பெரிதாகும். ஏழாண்டுகளுக்கு மேலாக எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களில் நிலக்குறிகளின் இடத்தை ஒப்பிட்டுப் பீட்டர் தாமஸ் குழுவினர் 2015-இல் கண்ட அளவு 0.120 பாகை. மேற்பரப்பில் இது சுமார் அரைக் கிலோமீட்டர் நகர்வுக்குச் சமம். ஓடும் கருவும் ஒட்டியிருந்தால் இவ்வளவு அசைவு இயலாது. எனவே கடல் தென்துருவத்தில் மட்டுமன்றி என்சலடஸ் முழுவதையும் சூழ்ந்துள்ளது என்பது பெறப்பட்டது. 2014-ஆம் ஆண்டு முடிபும் இதன் ஒளியில் திருத்தம் பெற்றது. பனி ஓடு சராசரியாக இருபது கி.மீ. அளவிலும் தென்துருவத்தில் சில கி.மீ. அளவிலும் இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் கணித்தன.

7. கடலடியின் வேதியியல்

2015-இல் ஷியாங்-வென் ஷு குழுவினர், சில நானோமீட்டர் அளவேயுள்ள சிலிக்காத் துகள்கள் என்சலடஸிலிருந்து வெளிப்படுவதை விளக்கினர். இத்துகள்கள் உருவாக நீரும் பாறையும் குறைந்தது 90 பாகை செல்சியசு வெப்பத்தில் வினைபுரிந்திருக்க வேண்டும் என அவர்கள் கருதினர். கடலடியில் வெப்பநீர் ஊற்றுகள் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இதனால் எழுந்தது.

அத்தகைய வினையின் மற்றொரு விளைபொருள் ஹைட்ரஜன். அதனை அளப்பதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பொருண்மை நிறமாலைமானியின் உட்புறச் சுவர் டைட்டேனியத்தாலானது. பனித்துகள்கள் அதன்மேல் விரைந்து மோதும்போது அவ்வினையாலேயே ஹைட்ரஜன் உண்டாகும். அளக்கப்படுவது என்சலடஸினுடையதா, கருவியினுடையதா என்று பிரித்தறிய இயலவில்லை. ஆகவே 2015 அக்டோபர் 28 அன்று 49 கி.மீ. உயரத்தில் தாரையினூடே பறந்தபோது, மூலக்கூறுகள் சுவரில் மோதாமலே உள்நுழையும் வேறொரு முறையில் அக்கருவி இயக்கப்பட்டது. 2017-இல் வெளியான முடிவின்படி தாரையில் ஹைட்ரஜன் 0.4 முதல் 1.4 விழுக்காடு வரை உள்ளது. பூமியின் ஆழ்கடலில் ஹைட்ரஜனையும் கரியமில வளியையும் இணைத்து மீத்தேனாக்கி ஆற்றல் பெறும் நுண்ணுயிர்கள் உள்ளமையால் இம்முடிவு பெரிதும் கவனிக்கப்பட்டது.

2018-இல் பெரிய கரிம மூலக்கூறுகளும், 2023-இல் பாஸ்பேட்டும் காசினியின் துகள் தரவுகளில் கண்டறியப்பட்டன. விண்கலம் அழிந்த பின்னரும் அதன் தரவுகள் புதிய வினாக்களுக்கு விடையளித்து வருவது குறிப்பிடத்தக்கது.

8. சான்றுகளின் எல்லை

திரவ நீர், ஆற்றல் மூலம், கரிமப் பொருள்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தை வாழத்தகு சூழல் எனலாம். என்சலடஸ் அதற்குத் தகுதி பெறுகிறது. அங்கு உயிர் உள்ளது என்பதோ முற்றிலும் வேறு கூற்று. பாறையும் நீரும் வினைபுரிவதாலேயே உயிரின் துணையின்றி ஹைட்ரஜன் தோன்றும். மீத்தேனும் அவ்வாறு தோன்றலாம். ஹைட்ரஜன் மிஞ்சியிருப்பதற்கும் இருவகை விளக்கம் தரலாம்: உண்ண உணவு உண்டு என்பது ஒன்று, உண்பார் இல்லாமையால் உணவு எஞ்சியது என்பது மற்றொன்று. காசினித் தரவுகளைக் கொண்டு இவ்விரண்டில் ஒன்றைத் தேர இயலாது.

வெப்பத்தின் மூலமும் முழுதும் தெளிவடையவில்லை. 2011-இல் வெளியான அளவீடு, தென்துருவத்திலிருந்து 15.8 ஜிகாவாட் வெப்பம் வெளிப்படுவதாகக் காட்டியது. சனியின் ஓதவிசையால் நெடுங்காலச் சராசரியில் கிட்டக்கூடியது 1.1 ஜிகாவாட் என்பது அதற்கு முந்தைய கணிப்பு. டயோன் என்னும் துணைக்கோளோடு கொண்ட ஒத்திசைவு என்சலடஸின் பாதையை வட்டமாகவிடாமல் காப்பதால் ஓத உராய்வு தொடர்கிறது. நீர் ஊடுருவும் நுண்துளைப் பாறைக் கருவில் அவ்வுராய்வு மிகுதியாகும் என்ற 2017-ஆம் ஆண்டுக் கோட்பாடு இவ்விடைவெளியைக் குறைக்க முயல்கிறது. கடல் எத்துணைத் தொன்மையானது என்பது இதனைப் பொறுத்ததே. உயிர் தோன்றுதற்கு வேண்டிய காலம் அக்கடலுக்கு வாய்த்ததா என்னும் வினாவும் இதனோடு பிணைந்துள்ளது.

9. முடிவுரை

என்சலடஸில் கடல் உண்டு என்னும் முடிபைத் தனியொரு கருவி தரவில்லை. காந்தமானி ஐயத்தை எழுப்பியது. விண்மீன் மறைப்பு அதனைச் செம்மைப்படுத்தியது. உப்பு திரவ நீரைக் காட்டியது. ஈர்ப்பு அதன் இருப்பிடத்தையும் தள்ளாட்டம் அதன் பரப்பையும் காட்டின. ஒன்றோடொன்று தொடர்பில்லாத முறைகள் ஒரே முடிபில் சந்தித்தமையே அதன் வலிமை. முரண்பட்ட தரவுகளுள் ஒன்றைப் பிழையெனத் தள்ளாமல், இரண்டும் மெய்யாக இருத்தற்குரிய நிலையைத் தேடியமையே முதல் திருப்பத்திற்கு வழிவகுத்தது. இது கோளியலுக்கு மட்டும் உரிய நெறியன்று.

எரிபொருள் தீரும் நிலையில் காசினியை அப்படியே விட்டிருந்தால், அது என்றேனும் என்சலடஸ் மீதோ டைட்டன் மீதோ விழக்கூடும். அதில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் நுண்ணுயிர்கள் அங்குப் புகுந்துவிடின், பின்னாளில் அங்குக் காணப்படும் உயிர் எவ்விடத்தது என்று அறியவே இயலாமற்போகும். ஆகவே 2017 செப்டம்பர் 15 அன்று அவ்விண்கலம் சனியின் வளிமண்டலத்துள் செலுத்தப்பட்டு எரிந்தழிந்தது. அமெரிக்காவின் கோளியல் பத்தாண்டுத் திட்ட ஆய்வு 2022-இலும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் வல்லுநர் குழு 2024-இலும் என்சலடஸுக்குப் புதிய பயணத்தைப் பரிந்துரைத்துள்ளன. காசினி விட்டுச்சென்ற வினாவை அப்பயணங்கள் எடுத்துச்செல்ல வேண்டும். அதற்குரிய விடை கலப்பின்றிக் கிடைப்பதற்கான வாய்ப்பை, தன்னை அழித்துக்கொண்ட அவ்விண்கலம் காத்துத் தந்துள்ளது.